சொட்டு நீலத்தில் முங்கிய லேஸ்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

1. என் அண்ணியின் அம்மா வாடிப்பட்டியில் இறந்துபோனார்.
2. அவர் பின்னிய லேஸ்கள், வெள்ளை நூலில் பூவேலை செய்த துணிகள் எல்லாவற்றையும் அண்ணி ஒரு கட்டைப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.
3. முதல் வருட நினைவு ஜெபத்துக்குள் அவற்றை ஒரே சுவர்த் துணியாகத் தைத்துத் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன்.
4. ஒரு சனிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது, என் அம்மா அவற்றை எடுத்துத் துவைத்து, சொட்டு நீலத்தில் அலசி, கஞ்சி போட்டு, மொட்டை மாடியில் காயவைத்துவிட்டாள்.
5. அண்ணிக்கு அது தெரியாது.
6. மறுநாள் ஆராதனை முடிந்ததும் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது.

நான் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பும் மேஜை விரிப்பும் ஏற்றுமதிக்குப் போகும் முன் எங்கள் மேஜைக்கு வரும். துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, சாயம் போகிறதா, போன முறை நெய்ததும் இந்த முறை நெய்ததும் ஒரே நிறமா என்று பார்த்து எழுத வேண்டும். பாதி நேரம் வெள்ளையோடுதான் போகும். வெளியே இருப்பவர்களுக்கு வெள்ளை என்றால் வெள்ளை. எங்களுக்கு நீலம் ஓடிய வெள்ளை, மஞ்சள் ஓடிய வெள்ளை, சாம்பல் தட்டிய வெள்ளை என்று தனித்தனி. ஒன்றின் இடத்தில் இன்னொன்று போனால் பெட்டி திரும்பி வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தாலும் அதே வெள்ளைதான். பழைய லேஸ் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வெளுக்காத காடாத் துணியை விரித்து, அதன்மேல் அவற்றை அடுக்கி, வெள்ளை நூலாலேயே கையால் தைப்பேன். படம் என்று எதுவும் இருக்காது. ஒரு தலையணை உறையின் ஓரமும் ஒரு பாவாடையின் அடிப்பகுதியும் ஒரு சட்டைக் காலரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நடுவில் விடுபடும் இடங்களில் முடிச்சுத் தையல் போடுவேன். பக்கவாட்டில் பகல் வெளிச்சம் விழும்போதுதான் அது முழுதாகத் தெரியும். ட்யூப்லைட்டைப் போட்டால் பாதி காணாமல் போய்விடும்.

அம்மாவுக்கு இது பிடிபட்டதே இல்லை. "கலர் நூல் வாங்கக் காசில்லையாடி உனக்கு? நடுவுல ஒரு ரோசாப்பூவாச்சும் போடேன்" என்பாள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் தைத்ததை எடுத்துவந்து காட்டுவதும் அவள்தான். காட்டும்போது ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

அண்ணியின் அம்மா ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்தவர். அட்மிஷன் நடக்கும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் குரோஷா ஊசி அவர் மடியிலேயே இருக்கும் என்று அண்ணி சொல்வார். கடைசி மூன்று வருடங்கள் படுக்கையில் இருந்தார். வலது கை வரவில்லை. அந்த மூன்று வருடமும் அவர் பின்னியவை ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன.

அண்ணி அந்தப் பையைக் கொண்டுவந்தபோது உட்காரக்கூட இல்லை. நின்றபடியே பேசினார்.

"பாப்பா, இத என்ன செய்யிறதுன்னே தெரியல. பெட்டியிலயே கெடந்தா பூச்சி அரிச்சிரும். பிரிச்சுக் குடுத்தா சித்திக்கு ஒண்ணு, பெரியம்மாவுக்கு ஒண்ணுன்னு ஊரெல்லாம் போயிரும். சுவத்துல மாட்டுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. எங்கம்மா என் வீட்டுல இருக்காங்கன்னு இருக்கும்."

"வெட்டணும் அண்ணி. வெட்டாமத் தைக்க முடியாது."

"வெட்டிக்க. ஆனா கடை லேஸ் ஒரு இஞ்ச் கூடச் சேக்காத. எங்கம்மா கை படாதது எதுவும் அதுல இருக்கக் கூடாது."

"நூலு?"

கொஞ்சம் யோசித்தார். "நூலு உன்னோடது. அது பரவாயில்ல."

அன்று மாலை பையை என் மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மூலைகளில் துணியை வெட்டி ஓரம் தைத்துப் பூ எடுத்த தலையணை உறைகள் ஒரு ஜோடி. தட்டுகளின் மேல் போடும் துணி, சுற்றிலும் குரோஷா. அண்ணியின் ஞானஸ்நானத்துக்குப் பின்னிய குல்லா. அண்ணியின் அம்மாவுடைய கல்யாண முக்காட்டின் ஓரம். ஒரு லேஸ் காலர். அதை அவர் பின்னவில்லை. பள்ளியை விட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மையார் கொடுத்துவிட்டுப் போனது. ஆனால் அது பிய்ந்த இடங்களையெல்லாம் இவர் இழையெடுத்துச் சேர்த்திருந்தார். எது பழைய இழை, எது இவர் சேர்த்த இழை என்று லென்ஸ் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. கடைசியாக வேதாகமம் சுற்றி வைத்த துணியும் ஒரு கைக்குட்டையும்.

எல்லாம் ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது ஒன்று அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி, ஒன்று தேங்காய்ப்பால் மாதிரி, முக்காட்டின் ஓரம் உறைந்த நெய் மாதிரி. வேதாகமத் துணி மடிப்புகளில் மட்டும் நன்றாகப் பழுத்திருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இதை எப்படித் தைப்பது என்று. மிகவும் பழுத்தது கீழே, வெளிறியது மேலே. நடுவில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக ஏறிப்போகும். கிராப் தாளில் வரைந்து, எந்தத் துண்டு எங்கே என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வேலைக்குப் போகும்போது வேதாகமத் துணியையும் கைக்குட்டையையும் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போனேன். எங்கள் கூடத்தில் ஓர் ஊதா விளக்கு இருக்கிறது. இப்போது வரும் சலவைத்தூளில் துணியைப் பளிச்சென்று காட்டுகிற ஒரு பொருள் கலந்திருக்கும். அது பட்ட துணி அந்த விளக்கின் கீழ் நீலமாக மினுங்கும். பழைய துணி மங்கலாகவே இருக்கும். கவரைப் பிரிக்காமலே விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். இரண்டும் மினுங்கவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மினுங்காத நூலாகத் தேடி வாங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு கவரைப் பைக்குள் வைத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அம்மா மொட்டை மாடியில் இருந்து கூப்பிட்டாள்.

"மேல வாடி. வந்து பாரு. உன் அண்ணி பாத்தா அசந்துருவா."

கொடியில் தலையணை உறைகளும் தட்டுத் துணியும் காலரும் முக்காட்டின் ஓரமும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே வெள்ளை. மில்லில் நான் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பும் வெள்ளை. குல்லாவை ஒரு சொம்பின்மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். கஞ்சியில் அது தகரம் மாதிரி நின்றது.

"ஏம்மா துவைச்ச?"

"பின்ன? அம்புட்டும் பழுப்பேறிக் கெடந்துச்சு. சம்பந்தியம்மா துணிய அழுக்கோடவா சுவத்துல மாட்டுவாக? ஜெபத்துக்கு வாற சனம் என்ன சொல்லும்? பொண்ணு எடுத்த வீட்டுல ஒரு பாட்டில் நீலத்துக்குக் கூடவா வக்கில்லைன்னு கேக்கும்."

"அந்தப் பழுப்புதாம்மா எனக்கு வேணும்."

"பழுப்ப எவடி வேணும்னு கேப்பா?"

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சபையில் வெள்ளை என்பது சாதாரண விஷயமில்லை. நற்கருணை ஞாயிறுக்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் ஒரு வாளியில் நீலம் கலக்கியிருக்கும். வெள்ளைச் சேலை பழுப்பாக இருந்தால், ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். அப்படி ஒரு கேள்வி அண்ணியின் அம்மாவைப் பற்றி வந்துவிடக் கூடாது என்றுதான் அம்மா காலையில் இருந்து குனிந்து துவைத்திருக்கிறாள். லேஸ் கிழியாமல் உள்ளங்கையில் வைத்துக் கசக்கியிருக்கிறாள். ஒரு இழைகூடப் போகவில்லை.

அண்ணி என்ன கேட்டார், நான் என்ன வரைந்திருந்தேன் என்பதை எடுத்துச் சொன்னேன். அம்மா தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமியாக்காரி எங்கம்மா துணியக் கூட விட்டு வைக்கலன்னு நெனப்பாளே."

"அண்ணி அப்பிடி நெனைக்க மாட்டாங்க."

"உனக்கு என்ன தெரியும்? நீ மருமகளா இருந்திருக்கியா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அவகிட்டச் சொல்லாதடி. உன் லேபுல இருக்க மருந்து எதையாச்சும் போட்டு மறுபடியும் பழுப்பாக்கிரு" என்றாள்.

"டீத்தண்ணியில முக்குனாலே பழுப்பாகிரும்."

"அப்ப முக்கு."

"அது டீயோட பழுப்பும்மா. அவங்களோடது இல்ல."

அம்மாவும் அண்ணியும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. சண்டை வந்துவிடக் கூடாது என்று இரண்டு பேருமே ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பேசுவார்கள். அந்தக் கவனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டுப் பழகியவர்கள் சமாதானமாகவும் பழகியிருப்பார்கள். இவர்களுக்கு அது பழக்கமில்லை.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். நீலம் பருத்தியில் ஒட்டிக்கொள்ளாது. வெதுவெதுப்பான தண்ணீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்தால் இறங்கிவிடும். கஞ்சியும் போய்விடும். ஆனால் சோப்பிலும் வெயிலிலும் போன பழுப்பு திரும்ப வராது. முதலில் தலையணை உறைகளை ஒரு வாளியில் ஊறப்போட்டேன். அண்ணியிடம் நானே சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். சாப்பாடு முடிந்த பிறகு, அண்ணன் பேப்பரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனதும் சொல்லலாம் என்று நேரம்கூடக் குறித்து வைத்திருந்தேன்.

அதற்கு அவசியம் வரவில்லை. மறுநாள் அண்ணனும் அண்ணியும் ஒத்தக்கடையில் இருக்கும் தங்கள் வீட்டிலிருந்து வந்து, கைகழுவி, இலையில் உட்கார்ந்தார்கள். அம்மா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே வந்தாள். அண்ணி இலைக்கு முன்னால் வந்ததும் கரண்டி நின்றது.

"இன்னொரு துண்டு வச்சுக்கம்மா, நடுத்துண்டு, உங்கம்மா துணிய அம்புட்டையும் நான் துவைச்சுப்புட்டேன்."

எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "எந்தத் துணிய?"

"நீ சாப்புடு" என்றாள் அம்மா.

அண்ணி எழுந்து போய்க் கையைக் கழுவினார். நேராக என் அறைக்குள் போனார். நான் பின்னால் போனேன். மேஜைமேல் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. தட்டுத் துணியை எடுத்து விரித்தார். நிறத்தைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அதை முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு முக்காட்டின் ஓரத்தை எடுத்து அதையும் அப்படியே. காலரை. குல்லாவை.

"வாசம் போயிருச்சு" என்றார்.

குரலில் கோபம் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னார்.

நிறத்தைப் பற்றி அவர் என்ன கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது. வாசத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அங்கே நின்றபோதுதான் உறைத்தது. என் திட்டத்திலேயே முதல் வேலை, எல்லாவற்றையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது. பழைய துணியை அலசாமல் யாரும் தைக்க மாட்டார்கள். பழுப்பு தங்கியிருக்கும். வாசம் முதல் அலசலிலேயே போயிருக்கும். அண்ணியைக் கேட்டிருக்கவும் மாட்டேன்.

"அம்மா துவைக்கலன்னாலும் நான் அலசியிருப்பேன் அண்ணி" என்றேன். அதை அந்த நேரத்தில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அவர் தலையாட்டினார். வாசலில் அம்மா ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து முந்தானையே நனைந்துபோயிருந்தது.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க அத்தை? உள்ள வாங்க."

அம்மா உள்ளே வந்தாள். அண்ணி தட்டுத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் கலர்ல இதப் பாத்து எம்புட்டு நாளாச்சு" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் புரியவில்லை.

"எங்கம்மா நீலம் போடாம ஒரு வெள்ளையையும் கொடியில போட்டதில்ல அத்தை. திங்கக்கெழம ஸ்கூல் போறப்பக் கூட நகக்கண்ணுல நீலம் இருக்கும். டி.சி.யில எல்லாம் நீல ரேகை விழுதுன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருநா சத்தம் போட்டாங்களாம். இதெல்லாம் பழுப்பானது அவங்க படுத்ததுக்கு அப்புறந்தான். பெட்டியத் தொறக்கவே எங்களுக்கு நேரமில்ல."

அறை மூலையில் இருந்த வாளி அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. "அதுல என்ன பாப்பா?"

"தலகாணி உறை. நீலத்த எடுக்குறேன் அண்ணி."

"எடுக்காத." வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உறையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். "எடுத்தது எடுத்ததா இருக்கட்டும். மத்ததத் தொடாத."

நான் அலுவலகப் பையில் இருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து கொடுத்தேன். இதுவரை யாரும் அதைப் பிரிக்கவில்லை என்று சொன்னேன். அண்ணி அதை வாங்கி, கொஞ்சமாகத் திறந்து, முகத்தை வைத்துவிட்டு உடனே மூடிக்கொண்டார். கண்ணையும் மூடியிருந்தார். பிறகு மறுபடியும் கொஞ்சம் திறந்தார். இந்த முறை அம்மாவின் பக்கம் நீட்டினார்.

"அத்தை, நீங்களும் பாருங்க."

அம்மா குனிந்து மோந்து பார்த்தாள். "ஆத்தாடி, அந்தத் தைலம்!" என்றாள். "சம்பந்தியம்மா வந்து அரை நாழி உக்காந்துட்டுப் போனா, எங்க சோபா ரெண்டு நாளைக்கு அதே வாசம் அடிக்கும்."

அண்ணி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். இலை முன்னால் இருந்தபடியே அண்ணன், "ஏம்மா, ரசம் இருக்கா இல்லையா?" என்று கேட்டான். "நீயே ஊத்திக்கடா" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அந்த இரண்டையும் அலசாமலே தைக்க வேண்டும் என்றார் அண்ணி. வேலை தெரிந்த ஆள் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அலசாத துணியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு நாளாவட்டத்தில் நூலை அரிக்கும். பழுப்பு இன்னும் கூடும். மற்ற துண்டுகளைவிட இவை சீக்கிரம் நைந்துபோகும்.

"எம்புட்டு வருசம் தாங்கும்?"

"நம்ம இருக்குற வரைக்கும் தாங்கும்."

"அப்ப போதும்."

கஞ்சியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கஞ்சி இருந்தால் பூச்சி தேடி வரும். கஞ்சியை எடுத்தால் நீலமும் கூடவே இறங்கும். அதனால் அந்த இரண்டைத் தவிர எல்லாவற்றையும் ஒருமுறை அலசி, மறுபடியும் நீலம் போடுவது என்று தீர்மானமானது. அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அண்ணி பஸ்ஸில் வந்து இறங்கினார். மூன்று பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம்.

என்னிடம் அளவுக் குழாயும் வரிசையாகக் கிண்ணங்களும் இருந்தன. முதல் கிண்ணத்தில் வெறும் தண்ணீர், அடுத்ததில் ஒரு சொட்டு, அடுத்ததில் இன்னும் ஒரு சொட்டு என்று ஏறிக்கொண்டே போகும். பழுப்பிலிருந்து வெளுப்புக்கு என்று வரைந்ததை அழித்துவிட்டு, பழுப்பில் தொடங்கி நீலத்தில் முடிகிற மாதிரி புதிதாக வரைந்திருந்தேன். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அம்மா என் கிண்ணங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இது என்னடி, ஆஸ்பத்திரியில மூத்திரம் டெஸ்ட் பண்ற மாதிரி?"

"சொட்டுக் கணக்கு வேணும்மா."

"நீலத்துக்கு என்னத்தக் கணக்கு? தண்ணிக்குள்ள கைய விட்டா நகம் தெரியணும், ரேகை தெரியக் கூடாது. அம்புட்டுதான்."

"எங்கம்மா இதவிடக் கொஞ்சம் கூடப் போடுவாங்க அத்தை" என்றார் அண்ணி, கடைசிக் கிண்ணத்தைப் பார்த்து.

"கூடப் போட்டா வானத்தத் துவைச்ச மாதிரியில்ல ஆயிரும்."

"ஆமா, அப்பிடித்தான் இருக்கும். சர்ச்ல எங்கள தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிருவாங்க."

அம்மா இன்னும் ஒரு சொட்டு விட்டாள். அண்ணி "ம்" என்றார். இன்னும் ஒரு சொட்டு. நான் குறித்துக்கொள்ள எடுத்த பென்சிலை வைத்துவிட்டேன். தட்டுத் துணி அந்தக் கிண்ணத்தில்தான் முங்கியது. எடுத்துப் பிழிந்து உதறியபோது அண்ணி, "இதான்" என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். எந்தக் கடை மீன் நன்றாக இருக்கும், அண்ணன் சின்ன வயதில் எதற்கெல்லாம் அழுவான், சபையில் யாருடைய சேலைக்கு யார் என்ன சொன்னார்கள். நான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நூல் வாங்கப் பழைய டவுனுக்குள் போனேன். லேஸும் பட்டனும் நூலும் விற்கும் ஒரு சின்னக் கடை அது. கடைக்காரர் ஒரு பாய். பல வருடமாகத் தெரியும்.

"வெள்ள நூல் வேணும்ணே."

"எம்புட்டும்மா?"

"இருக்கறதுல ஒவ்வொரு வெள்ளையிலயும் ஒரு சிட்டம்."

"ஒவ்வொரு வெள்ளைன்னா? அல்லா படைச்சதே ஒரு வெள்ளைதானம்மா."

நான் கொண்டுபோன துண்டுகளை மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். கடைக்குள் லைட்டில் பார்த்தால் ஏமாற்றும் என்று அவருக்கும் தெரியும். நின்றிருந்த ஒரு ஆட்டோவின் கூரைமேல் நூல்களைப் பரப்பி, துண்டுகளோடு ஒட்டவைத்துப் பார்த்தோம். ரவிக்கைத் துணியோடு நின்றிருந்த ஒருவரிடம், "பாத்தியா மாப்ள, இந்தப் புள்ள வெள்ளைக்கு மேட்சிங் பாக்குது. நீ செவப்புக்கு மேட்சிங் இல்லைன்னு அரைமணி நேரமா என்கிட்டச் சண்ட போடுற" என்றார். ஆட்டோக்காரர் வந்து, "அண்ணே, கடையத் தெருவுக்குக் கொண்டாந்துட்டியா?" என்று கேட்கும்வரை பார்த்தோம். வேண்டியது கிடைத்தது.

தைத்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவை நல்ல நாட்கள். வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும்வரை ஜன்னலோரம் உட்காருவேன். முதலில் நீளமான ஓட்டுத் தையலில் எல்லாத் துண்டுகளையும் காடாவோடு பிடித்துவைத்தேன். பிறகு ஓரங்களைக் கண்ணுக்குத் தெரியாத சின்னத் தையலில் இறக்கினேன். லேஸின் ஓட்டைகளுக்குள் காடா தெரியும். அதுவும் ஒரு வெள்ளைதான். இரண்டு துண்டுகள் சேரும் இடங்களில் முடிச்சுத் தையல்களைக் கொட்டினேன், சிந்திய ரவை மாதிரி. அவர் சீர்செய்த காலரின்மேல் நான் ஒரு தையல்கூடப் போடவில்லை. சுற்றி மட்டும் பிடித்துவைத்தேன். குல்லாவை வெட்ட மனம் வரவில்லை. தையலைப் பிரித்துத் தட்டையாக்கி வைத்தேன். அரைவட்டமாக நன்றாகவே உட்கார்ந்தது.

அண்ணி வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தார். அவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடப் பொறுமை கிடையாது. எது எங்கே என்று மட்டும் சொல்வார். கைக்குட்டையை நாலு பக்கமும் தைக்கப் போனபோது தடுத்தார்.

"மேல் ஓரத்த மட்டும் தை. கீழ தொங்கட்டும்."

"காத்துல ஆடும் அண்ணி. நூல் சீக்கிரம் விட்டுரும்."

"விட்டா மறுபடி தை. எனக்கு அதத் தூக்கி மோந்து பாக்கணும்."

மேல் ஓரத்தை மட்டும் இரட்டைத் தையலாகப் போட்டேன்.

நினைவு ஜெபத்தன்று அதை அண்ணியின் முன்னறையில் மாட்டினோம். வெயில் நேராக விழாத சுவர். வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவில்லை. அண்ணன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு அதுக்கு மேல இன்னொரு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி" என்றான். வாடிப்பட்டியில் இருந்து வந்த அண்ணியின் பெரியம்மா மட்டும் பக்கத்தில் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே இருந்து கீழே பார்த்தார். நீலம் இருக்கும் மேல்பக்கத்தில் அவர் கை நின்றது.

"இம்புட்டு நீலம் யார் போட்டது? அவ போட்ட மாதிரியே இருக்கே."

அண்ணி சட்டென்று பதில் சொன்னார். "எங்க அத்தை."

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். காபி இன்னும் கலக்கவில்லை என்று காரணம் சொன்னாள். காபி ஏற்கெனவே கலந்து டம்ளர்களில் இருந்தது.

இப்போதைய நிலைமை இது. துணி ஒத்தக்கடை வீட்டில் அதே சுவரில் இருக்கிறது. அதைத் துவைக்க முடியாது. தூசியை மெல்லிய பிரஷால் தட்டிவிடலாம். நீலம் வெளிச்சத்தில் நிற்காது. மேல்பக்கம் ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இன்னும் சில வருடங்களில் பெரும்பாலும் போய்விடும் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். வேதாகமத் துணியில் வாசம் போய்விட்டது. கைக்குட்டையில் பக்கத்தில் போனால் இருக்கிறது. தூக்கித் தூக்கிப் பார்த்ததில் மேல் ஓரத் தையல் ஒருமுறை விட்டுப்போய், நான் திரும்பத் தைத்தேன். அம்மாவும் அண்ணியும் சனிக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் முதல்முறையாகச் சண்டை போட்டார்கள், மீன் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றலாமா கூடாதா என்று. இன்னும் முடியவில்லை.